நம் கரையை நாம் அறிவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் முதற் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றக்கூடும். கடற்கரைக்குச் செல்வதும், மணலில் ஓடி விளையாடுவதும், மர நிழலிற் சமைத்து உண்பதும் ஒரு சொற்பொழிவுக்குரிய விடயங்களா என்று சிலர் எண்ணலாம். விடுமுறை நாளில் வாலிபர் தாமாகவே செய்துகொள்ளும் காரியத்துக்குச் சங்கம் எதற்கு என்று வேறு சிலர் கேட்கலாம். அவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒருமுறை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். வடக்கேயும் கிழக்கேயும் பெருங்கடல். மேற்கேயும் தெற்கேயும் ஆழமற்ற கடலும் கடனீரேரியும். நடுவிலும் தொண்டைமானாற்று வழியாகவும் உப்பாற்று வழியாகவும் நீர் உட்புகுந்து நிற்கின்றது. இந்நாட்டில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் துவிச்சக்கர வண்டியில் ஒரு மணித்தியாலத்துக்குள் கடலையோ கடனீரேரியையோ அடைந்துவிடலாம். இவ்வளவு அண்மையிற் கடல் இருந்தும், நீந்தத் தெரிந்த வாலிபர் நம்மிடையே எத்தனை பேர்? சோழகம் எந்தத் திசையிலிருந்து வீசுகின்றது, வாடை எப்பொழுது தொடங்குகின்றது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? கீரிமலைக் கேணியில் நன்னீர் எவ்வாறு சுரக்கின்றது என்று தம் தம்பிக்கு விளக்கக்கூடியவர் எத்தனை பேர்? கரையூர்களிற் பிறந்தோரை விலக்கிவிட்டுப் பார்த்தால், மிகச் சிலரே என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

இதற்கு வாலிபரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. இந்த அறியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறை, மாவிட்டபுரம், கீரிமலை, மயிலிட்டி முதலிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. ஏனைய கரைகளிலும் முட்கம்பியும் காவலரணும் தோன்றின. கடற்றொழில் செய்வோரே அனுமதி பெற்றுக் கடலில் இறங்க வேண்டிய காலம் அது. 2009 இல் போர் முடிந்த பின்னரே கரைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. உரியவர் கைக்கு இன்னும் வந்துசேராத காணிகளும் உள்ளன. இதற்கிடையில் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை, சிறப்பாக வடமராட்சி கிழக்கை, அழித்துச் சென்றது.

அந்த இருபது ஆண்டுகளிற் குழந்தைகளாகவும் வாலிபராகவும் இருந்தவர்களே இன்றைய தாய் தந்தையர். அவர்களுடைய பாட்டனார் கீரிமலையிற் குதித்து நீந்தியவர். அவர்களோ முட்கம்பிக்கு அப்பால் நின்று கடலைக் கண்டவர். அறிவு கைமாறும் சங்கிலியில் ஒரு கண்ணி இவ்வாறு அறுந்துபோயிற்று. ஆகவே, "கடற்கரைக்குப் போகாதே" என்று ஒரு தாய் தன் மகனைத் தடுக்கும்போது அவரைப் பழைமைவாதி என்று எள்ளுதல் தகாது. அவருடைய அச்சம் அனுபவத்தின் வழி வந்தது.

ஆனால், அன்பர்களே, அத்தடையினால் விளைவது யாது? பதினெட்டு வயது வாலிபன் கடலுக்குப் போகாமல் இருந்துவிடுகின்றானா? இல்லை. தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்வதாகச் சொல்லிவிட்டு, நண்பர் நால்வருடன் மோட்டார்ச் சைக்கிளில் போகின்றான். எங்கே போகின்றான் என்பது வீட்டாருக்குத் தெரியாது. அந்தக் கரையின் நீரோட்டம் அவனுக்குத் தெரியாது. நால்வரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஒருவன் அமிழ்ந்தால் மற்றவன் அவனைப் பிடிக்கப் பாய்கின்றான்; இருவருமாகப் போய்விடுகின்றனர். விடுமுறைக் காலங்களில் இத்தகைய செய்தியைப் பத்திரிகையில் வாசித்து நாம் பெருமூச்செறிகின்றோம். அடுத்த வாரம் மறந்துவிடுகின்றோம். போவதைத் தடுக்கும் வல்லமை நமக்கு இல்லை. அறிந்து போகச் செய்யும் வல்லமை உண்டு. சங்கம் இக்காரியத்திற் கைவைக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதற் காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது காரணம் நம் கரையின் சிறப்பு. தூர தேசங்களிலிருந்து பிரயாணிகள் பணஞ் செலவழித்து வந்து பார்ப்பவற்றை நாம் பாராமலே முதுமையடைகின்றோம். ஒரே நாளிற் போய்த் திரும்பத்தக்க சில இடங்களை மட்டும் இங்கே எடுத்துக் கூறுவோம்.

முதலாவது கீரிமலை. நகுலேஸ்வரப் பெருமான் கோயில் கொண்டுள்ள இத்தலத்திலே, கீரிமுகங் கொண்டிருந்த நகுல முனிவர் நீராடித் தம் குறை நீங்கப்பெற்றார் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று பிதிர்கடன் செய்யத் திரளும் மக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், அந்தக் கேணியின் அற்புதத்தைச் சிந்தித்தவர் சிலரே. கடலலை சுவரில் மோதும் இடத்திலே, சுவருக்கு இப்பால் நன்னீர் ஊறுகின்றது. நம் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கி, அவற்றினூடாக ஓடிக் கடலோரத்தில் வெளிப்படுகின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறும் இதே சுண்ணாம்புக் கல்லின் செயலே. அங்கே மேல்நீர் நன்னீராயும் ஆழத்து நீர் உவர்நீராயும் இருக்கும். உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்பதே நமது குடாநாட்டின் உயிர்நிலை. மேலேயுள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ளது மேலெழும். காலையில் நிலாவரையைப் பார்த்து, நண்பகலுக்கு முன் கீரிமலைக் கேணியில் நீராடும் மாணவன், ஒரு பாடநூல் முழுவதும் சொல்லாததை ஒரே நாளிற் கற்றுக்கொள்வான். 2015 தை மாதம் முதல் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சிறுவரை அழைத்துச் செல்வதற்கு அது நல்ல வழி.

இரண்டாவது வல்லிபுரமும் மணற்காடும். வல்லிபுர ஆழ்வார் கோயிலிலிருந்து கடல் தீர்த்தத்துக்குச் செல்லும் அடியார் கூட்டத்தோடு மணலில் நடந்தவர்களுக்கு அவ்விடத்தின் அழகைச் சொல்ல வேண்டுவதில்லை. 1936 இல் பொற்சாசனம் ஒன்று கண்டெடுக்கப்பட்ட பழம்பதி அது. அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் மணற்காட்டின் மணற்குன்றுகளைக் காணலாம். மணலால் மூடுண்டு சிதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயம் காற்றின் வலிமையை நமக்குக் காட்டுகின்றது. பார்வைக்கு வெறும் மணற்குவியலாகத் தோன்றும் இக்குன்றுகள் இரு பெருங் காரியங்களைச் செய்கின்றன. மழைநீரை வடித்து அடியிலே சேமித்து வைக்கின்றன. பொங்கிவரும் கடலுக்கு அரணாகவும் நிற்கின்றன. அம்மணலை உழவு இயந்திரத்தில் ஏற்றி விற்போர், அயலூரின் குடிநீரையும் காவலையும் சேர்த்தே விற்கின்றனர். இதனை மேடையில் நின்று நூறு முறை கூறலாம். குன்றின்மேல் ஏறி ஒருமுறை பார்த்தவன் மனத்திற் பதிவதுபோல் அது பதியாது.

மூன்றாவது வல்வெட்டித்துறையும் தொண்டைமானாறும். சந்நிதி முருகன் கோயிலின் அருகே தொண்டைமானாறு கடலோடு சேரும் இடத்தில் மாலைப்பொழுதில் அமர்ந்திருப்பதே ஒரு பேறு. வல்வெட்டித்துறையின் பெருமையோ கடலோடிகளின் பெருமை. அவ்வூரிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938 இல் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் முழங்கால் நீருக்கு அஞ்சி நிற்கலாமா? தைப்பொங்கல் நாளில் அங்கே நடைபெறும் பட்டத் திருவிழாவும் காணத்தக்கது. வாடைக் காற்றில் கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் விண் கூவ எழும்புவதைப் பார்க்கும் சிறுவன், அடுத்த நாளே ஈர்க்கிலையும் தாளையும் தேடுவான்.

நான்காவது காரைநகர். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து செல்லும்போதே இருபுறமும் நீர்ப்பரப்பும் பறவைக் கூட்டமுமாக வழி இனிக்கும். ஈழத்துச் சிதம்பரத்தை வழிபட்டுக் கசூரினாக் கடற்கரையை அடைந்தால், நெடுந்தூரம் ஆழமின்றிச் செல்லும் அமைதியான நீரும் சவுக்கு மர நிழலும் உண்டு. நீச்சல் பழகத் தொடங்குவோருக்கு அது ஏற்ற இடம்.

ஐந்தாவது தீவுகள். பண்ணைப் பாலத்தில் தொடங்கி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று, அங்கிருந்து வள்ளத்தில் நயினை நாகபூஷணி அம்பாளைத் தரிசிக்கலாம். நெடுந்தீவுக்குப் போக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் இருக்க வேண்டும். சாந்தின்றி முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், மட்டக்குதிரைகளும், ஒல்லாந்தர் காலக் கட்டிடங்களின் இடிபாடுகளும், பருத்த பெருக்க மரமும் அங்கே காணத்தக்கவை. மாரிக்காலத்தில் வழியோர நீர்நிலைகளிலே பூநாரைகள் வந்திறங்குவதைக் காண்பதும் உண்டு.

இனி, எப்பொழுது போவது, எவ்வாறு போவது என்பதைச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில், பெற்றோரின் அச்சத்துக்கு மறுமொழி அதிலேதான் அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோர் கடலைக் காற்றைக்கொண்டு அளந்தனர். ஐப்பசி, கார்த்திகை முதல் தை வரை வாடைக் காலம். அப்பொழுது வடகடலும் கீழ்க்கடலும் கொந்தளிக்கும். மழையும் புயலும் அக்காலத்தனவே. 1964 மார்கழியில் வந்த பெரும் புயலைப் பெரியோர் இன்னும் நினைவுகூர்வர். அக்காலத்திற் கரையில் நின்று பட்டம் விடலாம், பறவை பார்க்கலாம். கடலில் இறங்குதல் ஆகாது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகக் காலம். அப்பொழுது வடகரை ஓரளவு ஒதுக்கமாயிருக்கும். தீவுப்பக்கக் கடலோ அலையெறியும். இரு காற்றுகளுக்கும் நடுவே, பங்குனி சித்திரையிற் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இது பொது விதி மட்டுமே. எந்தக் காலமாயினும், அன்று காலை அக்கரையிலுள்ள கடற்றொழிலாளரிடம் கேட்டுவிட்டே நீரில் இறங்க வேண்டும். அவர் "இன்று வேண்டாம்" என்றால் வேண்டாம். கைத்தொலைபேசியில் வரும் வானிலைச் செய்தியும் பயனுடையதே. ஆயினும் அந்தக் கரையின் அந்த மூலையை அறிந்தவர் அவரே.

நீரோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலைகள் வரிசையாக உடைந்துவரும் கரையில், நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றினால், அதுவே இறங்கத்தக்க இடமென்று புதியவர் எண்ணுவர். பெரும்பாலும் அதுவே ஆபத்தான இடம். கரையில் வந்து குவிந்த நீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் வழி அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்தே உயிரிழக்கின்றார். பதற்றங்கொள்ளாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகி, இழுவை நின்ற பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் அமிழக் கண்டால் மற்றவர் வெறுங்கையோடு பாயலாகாது. கயிற்றையோ காற்றடைத்த ரியூப்பையோ மூடியிட்ட வெற்றுக் கலனையோ எறிய வேண்டும். இவற்றை உடன் கொண்டுபோகாத குழு கடலில் இறங்கும் தகுதியற்ற குழு.

நம் வடகரை பெரும்பாலும் முருகைக்கல்லும் சுண்ணாம்புக் கல்லுமாக இருப்பதால், பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுவோரும் காலை வெட்டிக்கொள்வோரும் பலர். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாய்தல் கூடவே கூடாது. மதுவைத் தொட்டவர் நீரைத் தொடுதல் கூடாது. கண்ணிவெடி அபாய அறிவித்தற் பலகை நாட்டப்பட்ட இடத்தில், ஓர் அடியேனும் பலகைக்கு அப்பால் வைத்தல் கூடாது. முற்பகல் பத்து மணிக்குமேல் வெயில் கடுமையாகையால், விடியற்காலையிற் புறப்படுதல் நன்று.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வனபோசனம் என்றால் கடையிற் பொதி வாங்கிக்கொண்டு போவதென்று இன்று ஆகிவிட்டது. உண்டபின் அந்தப் பொதித்தாளும் போத்தலும் மணலிற் கிடக்கின்றன. பின்னர் கடலிற் கிடக்கின்றன. நம் பாட்டிமார் காட்டிய வழி வேறு. மூன்று கல் வைத்து, பெரிய பானையில் ஒடியற்கூழ் காய்ச்சுவர். பலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்ந்து கொதிக்க, சுற்றியிருந்து பனையோலைப் பிளாவிற் குடிப்பர். கோயிற் கிரியைகளுக்குச் செல்லும் நாளில் மரக்கறிக் கூழ். விறகு பொறுக்க ஒருவர், காய் அரிய ஒருவர், பிளாக் கோல ஒருவர் எனப் பத்துப் பேருக்கும் வேலை உண்டு. குடித்து முடிந்ததும் பிளா மண்ணோடு மண்ணாகும். பிளாக் கோலத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. பெரியோர் இருக்கும்போதே அதனைக் கற்றுக்கொள்ளுவோம்.

இனிப் பெண்பிள்ளைகளைப் பற்றி. இவ்விடத்திற் சிலருடைய புருவம் உயர்வதை நாம் காண்கின்றோம். "ஆண்பிள்ளைகள் போகட்டும், பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். 2004 இல் வந்த அலை ஆண் பெண் என்று பார்த்து வரவில்லை. நீந்தத் தெரிதல் ஆபத்திலே உயிர்காக்கும் கலை. அதனைப் பெண்ணுக்கு மறுப்பதற்கு நியாயமில்லை. வழக்கத்தைக் காட்டுவோர் கீரிமலையைப் பார்க்கட்டும்; ஆண்களுக்கொரு கேணியும் பெண்களுக்கொரு கேணியுமாக அங்கே உண்டு. பெண்கள் நீராட இடமமைத்தல் நம் வழக்கத்துக்குப் புறம்பானதாயின் அக்கேணி எவ்வாறு வந்தது? தாய்மார் உடன்வர, பெண்பிள்ளைகளுக்கெனத் தனிக் குழுவும் தனி நாளும் அமைப்பதில் தடையேதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

பெரியோர்களே, இவ்வளவும் கூறியது ஒரு வேண்டுகோளை முன்வைப்பதற்காகவே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குத் தாருங்கள். அன்று பிள்ளைக்கு வகுப்பு வேண்டாம். பயிற்சிக் கொப்பி வேண்டாம். பிள்ளைகளின் பெயர், செல்லும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை முதல் நாளே எழுத்தில் உங்களிடம் தருவோம். பத்துப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்த வளர்ந்தவர் இருவரேனும் உடன்வருவர். முதலுதவிப் பெட்டியும் கயிறும் நம்மோடு வரும். முதற் பயணம் வருகின்ற பங்குனியிற் கீரிமலைக்கு. முதல் ஆறு மாதமும் கேணியிலும் கசூரினாவின் ஆழமற்ற நீரிலும் நீச்சல் பழகுவதே வேலை. அதிலே தேறியவரே பின்னர் பிற கரைகளில் நீரில் இறங்குவர்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்கின்றோம். நீங்களும் வாருங்கள். 1990 இற்கு முன்னர் அக்கரைகளில் ஓடியாடிய கால்கள் உங்களுடையவை. எந்தக் கல்லில் இருந்து தூண்டில் போட்டீர்கள், எந்த இடத்தில் ஆழம், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்பன உங்களோடு இருக்கின்றன. அவை எந்த நூலிலும் இல்லை. ஒரு தலைமுறை இடையிலே தவறிவிட்டது. நீங்களும் சொல்லாமல் விட்டால் அறுந்த கண்ணி அறுந்ததாகவே போய்விடும். நடக்க இயலாதவர் நிழலில் அமர்ந்து பிளாக் கோலுங்கள். உங்களைச் சுற்றிப் பத்துச் சிறுவர் தாமாகவே வந்து அமர்வர்.

வாலிப அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் தரும் அந்த ஒரு நாள் நம்பிக்கையின்பேரில் தரப்படுவது. சொன்ன இடத்துக்குப் போங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். கைத்தொலைபேசியிற் படம் எடுப்பதற்காகவே கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். கரையூர் மக்களின் வலையையும் வள்ளத்தையும் கேளாமல் தொடாதீர்கள். அது அவர்களுடைய வீட்டு முற்றம். போகும்போது இருந்த கரையைவிடத் திரும்பும்போது அக்கரை துப்புரவாக இருக்கட்டும். ஒரு பிள்ளையேனும் குறையாமல், நனைந்த தலையோடும் பசித்த வயிற்றோடும் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தால், அடுத்த ஞாயிறு தானாகவே கிடைக்கும்.

 பங்குனிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் உள்ள கொப்பியிற் பதிந்து செல்லுமாறு வேண்டுகின்றோம். பெற்றோரின் கையொப்பத்துக்கும் அதிலே இடம் விடப்பட்டிருக்கின்றது.